அது தானாத் தொடுது

என் அண்ணன் ஒரு வேலையைக் கொண்டுவந்தால் பாதியைத்தான் சொல்வான். மீதிப் பாதியை நாமாகத் தெரிந்துகொண்டு வயிறெரிய வேண்டும். அப்பாவின் காரை அவன் காலையிலேயே என் ஸ்கிரீன் ரிப்பேர் பட்டறைக்கு ஓட்டி வந்த அன்றும் அப்படித்தான் நடந்தது.

"ஸ்கிரீன் ஓரமெல்லாம் மஞ்சளாயிடுச்சு. உள்ள குமிழி குமிழியா வந்திருக்கு. கண்ணாடிய மாத்திக் குடுத்துடு," என்று சாவியை என் மேசைமேல் வைத்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அப்பா சொல்லி விட்டாரா?"

"அவர் என்னத்த சொல்றது. நாளைக்கு லீவுதானே, மத்தியானம் வண்டிய பாக்க ஒரு ஆள் வர்றாரு. ஸ்கிரீன் இப்படி இருந்தா வேண்டாம்னுட்டுப் போயிடுவாரு."

அதுதான் மீதிப் பாதி. அப்பாவின் காரை அப்பாவுக்கே சொல்லாமல் விற்கிறான். அதற்குப் பூச்சு வேலை செய்ய நான் வேண்டும்.

"அப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டு? அவருக்கு இப்ப என்ன தெரியும்? நீ வாரத்துக்கு ஒரு தடவ என் போன்ல கூப்பிட்டு, சாப்பிட்டீங்களாப்பான்னு கேட்டுட்டு வச்சிடுற. கூட இருந்து பாரு, தெரியும்."

பதில் நாக்கு நுனி வரை வந்தது. கடையில் இரண்டு பேர் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான் வாயைத் திறந்தால் பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்க்க வந்துவிடுவார் என்பது எனக்கே தெரியும். சாவியை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டேன். அவன் டாக்சி பிடித்துப் போய்விட்டான்.

அப்பா லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவர். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் ஓட வேண்டுமென்றால் அவர் கையெழுத்து வேண்டும். கையெழுத்து வேண்டுமென்றால் மேலே மோட்டார் அறையிலிருந்து கீழே பள்ளம் வரை அவரே போய்ப் பார்த்தாக வேண்டும். ஓய்வு பெற்ற கையோடு இந்த மின்சாரக் காரை வாங்கினார். அப்போது அந்த மாடல் புதுசு, தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. உள்ளே பொத்தான் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. நடுவில் பெரிய தட்டு அளவுக்கு ஒரு கண்ணாடித் திரை. ஏசி, ஹீட்டர், போன், பின்பக்க டிக்கியைத் திறப்பது வரை எல்லாவற்றுக்கும் அதைத்தான் தொட வேண்டும். ஆயுசு முழுக்கப் பொத்தானை அமுக்கிப் பார்த்தவர் பொத்தானே இல்லாத வண்டியை வாங்கியிருக்கிறீர்களே என்று கேலி செய்வேன். "பொத்தான்னா தேயும். இதுல தேயறதுக்கு என்ன இருக்கு?" என்பார். இப்போது அந்த மாடல் கிழடாகிவிட்டது, கம்பெனிக்காரர்களே உதிரிப் பாகம் இல்லை என்று கையை விரிக்கிறார்கள். அப்பாவுக்கு மட்டும் அது இன்னும் புது வண்டிதான்.

போன கோடையில் ஆரம்பித்தது. அண்ணன் ஆபீசில் இருக்கும் நேரம் பார்த்து அப்பா போன் செய்வாராம். எடுத்தால் பேச மாட்டாராம். வைத்த உடனே மறுபடி அடிப்பாராம். சாயங்காலம் வந்து கேட்டால், நான் பண்ணவே இல்லை என்பாராம். மண்டை பிளக்கும் வெயிலில் ஹீட்டரை முழுசாக ஏற்றி வைத்துக்கொண்டு, சட்டை நனைந்து சொட்டச் சொட்ட வந்து இறங்குவாராம். அதையும் நான் போடவில்லை என்பாராம். கடை வாசலில் வண்டியை நிறுத்தினால் டிக்கி ஆவென்று திறந்து நிற்குமாம். யார் திறந்தது என்றால் நான் இல்லை என்பாராம். சாயங்காலம் அண்ணனே ஓட்டிப் பார்த்தால் வண்டி ஒழுங்காக இருக்குமாம். அண்ணன் டாக்டரிடம் கூட்டிப் போனான். இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுங்கள் என்று அவர் ஆரம்பித்ததும் அப்பாவுக்குக் கோபம் மூக்கின் மேல் வந்துவிட்டது. நான் என்ன ஒண்ணாம் வகுப்பா என்று பாதிக் கேள்விக்கு வாயையே திறக்கவில்லை. வாய் திறக்காத கேள்விக்கெல்லாம் டாக்டர் முட்டை போட்டார். மறதி நோயின் ஆரம்பம் என்று மாத்திரை கொடுத்தார்.

அண்ணன் முதலில் கார் சாவியை வாங்கிக்கொண்டான். பிறகு போனை வாங்கி அலமாரி மேல் வைத்தான். பிறகு ஒரு நாள் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது என்று சமையலறைக்குள் போகக் கூடாது என்றான். இதையெல்லாம் எனக்குத் தவணை முறையில் போனில் சொன்னான். "கேட்டா அப்பா என்ன சொல்றாரு?" என்று நான் கேட்டபோதெல்லாம், "என்னென்னமோ உளர்றார், விடு," என்பான்.

கார் திரையைக் கழற்ற நானும் எங்கள் டிவிக்காரரும் உட்கார்ந்தோம். அவர் ஒரு காலத்தில் டிவி பழுது பார்த்தவர், என்னைவிட மூத்தவர். பழைய டிவிகள் போய்விட்டன, பேர் போகவில்லை. அந்த மாடலில் திரையும் அதை இயக்கும் கம்ப்யூட்டரும் சேர்ந்து ஒரே பெட்டி. கழற்றி உள்ளறையில் மேசைமேல் வைத்து மின்சாரம் கொடுத்தால் வண்டி இல்லாமலே உயிர் பெறும். எங்கள் உள்ளறையில் எப்போதும் ஏசி ஓடும். திரை எழுந்தது. மூலைக்கு மூலை விரலை ஓட்டிப் பார்த்தேன். சொன்னபடி கேட்டது. பார்க்கத்தான் அசிங்கம். ஓரத்தில் மஞ்சள், கீழே இடது பக்கம் எண்ணெய் பிசுக்கு மாதிரி கசிவு. கண்ணாடியையும் கீழே உள்ள பலகையையும் ஒட்ட வைக்கிற பசை, வருஷக்கணக்காக வெயில் தின்று இளகி வழிந்திருந்தது.

இப்படிப்பட்ட கண்ணாடியைப் பிரிக்க ஒரு முறை இருக்கிறது. சூடேறும் இரும்புத் தட்டின்மேல் திரையைப் படுக்க வைத்து, பசை நன்றாக இளகியதும் முடியைவிட மெல்லிய கம்பியை நடுவில் விட்டு அறுத்துக்கொண்டே வர வேண்டும். தட்டில் வைக்கும் முன் மின்சாரத்தைப் பிடுங்கிவிட வேண்டும். இது எங்கள் கடைச் சட்டம். சுவரில் என் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு என் கவனம் வேலையில் இல்லை. கையால் ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டு வாயால் அண்ணனைக் கிழித்துக்கொண்டிருந்தேன். அவன் சின்ன வயசிலிருந்து செய்ததை எல்லாம் தோண்டி எடுத்துத் திட்டினேன்.

"முதலாளி, திட்டி முடிச்சிட்டு வேலையப் பாருங்க. இல்ல, வேலைய முடிச்சிட்டுத் திட்டுங்க," என்றார் டிவிக்காரர்.

"ரெண்டும் என் கைக்கும் வாய்க்கும் நல்லா வரும். நீங்க கம்பிய எடுங்க," என்றேன். திரையைத் தூக்கித் தட்டில் வைத்துச் சூட்டைத் திருப்பினேன். ஒயரைப் பிடுங்க மறந்துபோனேன். கடை திறந்த நாளிலிருந்து நான் செய்யாத தப்பு அது. வேறு யாராவது செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

கம்பியை விரலில் சுற்றிக்கொண்டு திரும்பினால், திரையில் ஹீட்டரின் அளவு ஏறிக்கொண்டிருந்தது.

யாரும் தொடவில்லை. டிவிக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என் கையில் கம்பி, அவர் கையில் துணி. அளவு மெதுவாக ஏறி உச்சிக்குப் போய் நின்றது. பிறகு போன் படம் தானாக விரிந்தது. பெயர்கள் வந்தன. முதல் பெயர் 'பெரியவன்'. அப்பா அண்ணனை அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறார். அந்தப் பெயர் அமுங்கியது. போன் இணைப்பில் இல்லை என்று திரை சொன்னது. மறுபடி அமுங்கியது. மறுபடி. நடுவில் ஒரு தடவை டிக்கி திறக்கும் படம் மின்னியது. திரும்பவும் பெரியவன், பெரியவன்.

டிவிக்காரர் பதறிப்போய் ஒயரைப் பிடுங்கப் போனார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடுங்க. முழுசாப் பாக்கணும்."

"சூட்டுல போயிடும் முதலாளி."

"போகட்டும்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் கால் நகத்திலிருந்து. கசிந்த பசை, விரலை உணரும் மெல்லிய வரிகளுக்குள் புகுந்திருக்கிறது. சூடேறினால் இளகிப் பரவும், அதை விரல் என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். குளிர்ந்தால் சுருங்கிவிடும், ஒன்றுமே தெரியாது. பசை கசிந்த மூலையில்தான் ஹீட்டர், போன், டிக்கி மூன்றும் இருக்கின்றன. அப்பா வண்டியை எடுப்பது மத்தியானம். சாமான் வாங்க, நண்பர் வீட்டுக்கு, லைப்ரரிக்கு. வெயிலில் நிறுத்தி வெந்துபோன வண்டியில் ஏறுவார். அண்ணன் அதைச் சோதித்துப் பார்த்தது ஆபீஸ் விட்டு வந்த பிறகு, காற்று வீசும் சாயங்காலத்தில். அப்போது அது பரம சாது. என் உள்ளறை ஏசியில் எனக்கே அப்படித்தானே இருந்தது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "கண்ணாடி ஆச்சா?" என்றான். நான் எதைச் சொன்னாலும் அதில் பாதியை விழுங்கிவிடுவான் என்று தெரியும். "நாளைக்கு மத்தியானம் நானே கொண்டு வர்றேன். வீட்ல இரு," என்று மட்டும் சொல்லி வைத்தேன். பிறகு அதே பழைய கண்ணாடியோடு பெட்டியைத் திரும்ப வண்டியில் மாட்டினோம்.

"ரிப்பேருக்கு வந்தத ரிப்பேர் பண்ணாம அப்படியே திருப்பிக் குடுக்குற ஒரே கடை நம்மதுதான்," என்றார் டிவிக்காரர். சிரிக்க வைக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் வெயில் உச்சியில் இருக்கும்போது அண்ணன் வீட்டுக்குப் போனேன். வீட்டை ஒட்டி ஒரு மரம், கீழே நல்ல நிழல். நிழலை விட்டுத் தள்ளி, தெருவில் சுள்ளென்று வெயில் விழுகிற இடத்தில் வண்டியை நிறுத்தி எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டேன். வேகட்டும் என்று உள்ளே போனேன்.

அப்பா ஹாலில் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது, ரிமோட் எட்டாத தூரத்தில் இருந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அது புரியவில்லை. குளிர் காலத்தில் குழந்தைகள் அப்படி உட்காரும். வெளியே அனல் அடித்தது.

"கை என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. இப்படி வச்சிருந்தா எதையும் தொட மாட்டேன் பாரு."

சாதாரணமாகத்தான் சொன்னார். அண்ணி சமையலறை வாசலில் நின்று முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

நாற்காலிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "அப்பா, கார்ல என்ன ஆச்சு? நீங்க சொல்லுங்க. அண்ணன் சொன்னது வேண்டாம்."

வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். குரலை இறக்கிச் சொன்னார். "அது தானாத் தொடுதும்மா."

"இத அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"முதல் நாளே சொன்னேன். டாக்டர்கிட்டயும் சொன்னேன். டாக்டர் தலைய ஆட்டிக்கிட்டே எழுதிக்கிட்டாரு. அதுக்கப்புறந்தான் மாத்திரை ஜாஸ்தியாச்சு."

திரை பழுது பார்த்துச் சோறு தின்கிறவள் நான். ஒரு வருஷமாக என்னிடம் எல்லாவற்றையும் சொன்ன அண்ணன் அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. உளறல் என்று ஒரு மூடியைப் போட்டு மூடிவிட்டான். கேட்ட மறு நிமிஷம் ஸ்க்ரூடிரைவரோடு பஸ் ஏறியிருப்பேனே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

"என்கிட்ட ஏன்ப்பா சொல்லல? என் வேலையே அதுதானே."

"சொன்னா நீயும் அப்படித்தான் நினைப்பியோன்னு பயம். எல்லாரும் நினைச்சாச்சு. நீ ஒருத்தியாவது மிச்சம் இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

எழுந்தேன். அலமாரி மேலிருந்த அவர் போனை எடுத்து உயிர் கொடுத்து அவர் சட்டைப் பையில் போட்டேன். வண்டிப் பக்கம் போனாலே அது வண்டியோடு தானாக இணைந்துகொள்ளும். "அண்ணா," என்று மாடியைப் பார்த்துக் கத்தினேன். கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அண்ணன் தலைவாரி, நல்ல சட்டை போட்டு, வண்டி வாங்க வருகிறவரை எதிர்பார்த்துத் தயாராக இறங்கி வந்தான். "சரியாயிடுச்சா?"

"வா, நீயே உக்காந்து பாரு."

நாலு பேரும் தெருவுக்கு வந்தோம். அண்ணன் கதவைத் திறந்தான். அடுப்பைத் திறந்த மாதிரி அனல் அடித்தது. "ஏன் வெயில்ல விட்ட, நிழல்தான் இருக்குல்ல," என்று முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, நான் கொடுத்த சாவியைப் போட்டான். மஞ்சள் ஓரத்தோடு அதே கண்ணாடியைப் பார்த்து முகம் சுருங்கியது. "என்ன இது, மாத்தவே இல்லையா?"

"கைய மடியில வச்சிக்கோ. எதையும் தொடாத. அப்பா, நீங்க மரத்துகிட்ட போய் நில்லுங்க. ரெண்டு கையையும் மேல தூக்குங்க."

அப்பா மரத்தடிக்குப் போய்த் திரும்பி நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். ஏன் என்று கேட்கவில்லை. ஒரு லிஃப்டின் கதவு லேசாக உரசினால் ஒன்பது கேள்வி கேட்ட மனிதர் அவர். பிடிபட்டவர் மாதிரி தெருவே பார்க்கக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து, தூக்கச் சொன்ன என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. இறக்கச் சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் திரை ஆரம்பித்துவிட்டது.

முதலில் ஹீட்டர். அளவு ஏற ஏற, வெந்த வண்டிக்குள் இன்னும் சூடாகக் காற்று சீறியது. அண்ணன் நெற்றியில் வேர்வை முத்து முத்தாகப் பூத்தது. "நான் ஒண்ணும் தொடல," என்றான் என்னிடம்.

"தெரியும். நான் உன்ன நம்புறேன்," என்றேன்.

பின்னால் டிக்கி ஆவென்று திறந்தது. அண்ணி ஓரடி நகர்ந்து நின்றார். பிறகு போன் படம் விரிந்தது. 'பெரியவன்' அமுங்கியது. அண்ணனின் சட்டைப் பையில் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தான். 'அப்பா' என்று இருந்தது. மரத்தடியில் அப்பா இன்னும் இரண்டு கையும் மேலே. அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான். அது அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுத்துப் பேசு. என்ன விஷயம்னு கேளு," என்றேன்.

வண்டியை அணைத்துவிட்டு இறங்கினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு ஆரம்பித்தான். "சரி, மெஷின் கோளாறு. எனக்கு எப்படித் தெரியும்? டாக்டரே சொன்னாரே."

"டாக்டர் வண்டிய பாத்தாரா? நீ கூட்டிட்டுப் போனது அப்பாவ. வண்டிய என்கிட்ட கொண்டுவரணும்னு ஏன் தோணல? விக்கணும்னதும் தோணுச்சுல்ல?"

"எல்லாத்தையும் வண்டி தலைல கட்டாத. அடுப்பு? அடுப்பையும் வண்டியா பத்த வச்சுது? வீடு எரிஞ்சிருக்கும் அன்னிக்கு."

அடுப்பை அணைக்க மறக்காதவர் உலகத்தில் யார் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அண்ணி பேசினார்.

"அது நான்தாங்க."

அண்ணன் திரும்பினான்.

"பால வச்சிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போனேன். மறந்துட்டேன். கீழ வந்தா நீங்க மாமாவத் திட்டிட்டு இருந்தீங்க. ரொம்ப சத்தமாத் திட்டிட்டு இருந்தீங்க. எனக்கு வாய் வரல. அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னு..."

அந்த நிமிஷம் அண்ணிமேல் எனக்கு வந்த கோபம் அண்ணன்மேல் வந்ததைவிடப் பெரிசு. அவன் தெரியாமல் செய்தான். இவர் தெரிந்தே அப்பாவுக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டு, சமையலறைக்குள் வராதீங்க மாமா என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். கேட்க நினைத்ததைக் கேட்டிருந்தால் அந்த வீட்டுப் படியை நான் மறுபடி மிதித்திருக்க முடியாது. ஆனால் பேசியது நான் இல்லை.

அப்பா மரத்தடியிலிருந்து நடந்து வந்தார். கையை எப்போது இறக்கினார் என்று பார்க்கவில்லை. அண்ணன் முன்னால் நின்றார்.

"லிஃப்ட் தானா மேல போகுதுன்னு எத்தன பேர் என்கிட்ட வந்து சொல்லியிருப்பாங்க தெரியுமா?" அது பழைய இன்ஸ்பெக்டர் குரல். "வாட்ச்மேன் சொல்வான். கூட்டுற அம்மா சொல்லும். குடிச்சிட்டு ஒருத்தன் சொன்னான் ஒரு தடவ. உனக்குப் புத்தி சரியில்லன்னு ஒருத்தர்கிட்டயும் நான் சொன்னதில்ல. உள்ள இறங்கிப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் இறங்கிப் பாத்தேன். நீ ஒரு தடவ என்கூட மத்தியானத்துல உக்காந்து வந்திருந்தாப் போதும்டா."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கையில் போன் மறுபடி அடித்தது. எல்லாரும் வண்டியைப் பார்த்தோம். இந்தத் தடவை வண்டி இல்லை, வாங்க வருகிறவர். தெரு தெரியவில்லை, எப்படி வருவது என்று கேட்டிருப்பார் போல. "வர வேண்டாம் சார்," என்று அண்ணன் சொன்னான். அவர் காரணம் கேட்டார் போலிருக்கிறது. "எங்கப்பா வண்டி சார்," என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதிலும் பாதிதான்.

அப்பாவை வேறொரு டாக்டரிடம் நானே கூட்டிப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வைத்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்து, நிறுத்தச் சொன்ன பிறகும் கழித்துக்கொண்டே போனார். மாத்திரைகள் நின்றன. பழைய வண்டியொன்றிலிருந்து கழற்றிய நல்ல கண்ணாடி ஒன்றை டிவிக்காரர் எங்கெங்கோ விசாரித்துப் பிடித்துவிட்டார். இந்தத் தடவை மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுத்தான் தட்டில் வைத்தேன். பழைய பசையைத் துளி விடாமல் சுரண்டித் துடைத்து, இறுகினால் இளகாத பசையைப் போட்டு ஒட்டினோம். இரும்புத் தட்டில் வைத்து, வெயிலில் வைத்து, ஹேர் டிரையரைக் காட்டி, என்னென்ன கொடுமை உண்டோ அத்தனையும் செய்து பார்த்தேன். கல் மாதிரி கிடந்தது. நாம் தொட்டால் மட்டும் கேட்டது.

அடுத்த விடுமுறை நாளில் அதே உச்சி வெயிலில் வண்டியைக் கொண்டுபோய் அதே இடத்தில் நிறுத்தினேன். சாவியை அப்பா கையில் கொடுத்தேன். அண்ணனும் அண்ணியும் வாசலில் நின்றார்கள். அப்பா சட்டையைச் சரி செய்துகொண்டு, வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, நாலு டயரையும் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். எனக்கு மனசு நிறைந்தது. நான் மறுபக்கக் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். திரை எழுந்தது. மாற்றிய கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

"ஏசிய போடுங்கப்பா. வெந்து சாகறோம்," என்றேன்.

அவர் போடவில்லை. திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையும் தொடைக்கு அடியில் இருந்தன.

ஜன்னலை இறக்கச் சொல்லி என்னிடம் தலையசைத்தார். இறக்கினேன். என்னைத் தாண்டி, வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

"தொடலாமா?"

அண்ணன் ஓடி வந்தான். ஜன்னலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "என்னப்பா இது, உங்க வண்டி. தொடுங்கப்பா."

அப்பா ஒரு கையை மெதுவாக வெளியே எடுத்தார். திரைப் பக்கம் கொண்டுபோனார். பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி அண்ணனைப் பார்த்தார்.

"அப்புறம் ஏதாவது ஆனா, நான்தான் தொட்டேன்னு சொல்ல மாட்டியே?"

அண்ணன் வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். அந்தப் பதிலை அவன்தான் சொல்ல வேண்டும், நான் எடுத்துக் கொடுக்கவில்லை.